கல்கி நிறுத்திய இடம்

2023 மே மாதம். பொன்னியின் செல்வன் படத்தின் இரண்டாம் பாகம் பார்த்துவிட்டு தியேட்டரை விட்டு வெளியே வருகிறோம். அக்காவின் மகள் ஜாக்கெட்டைக் கூட இன்னும் பூட்டவில்லை, கேள்வி வந்துவிட்டது.

"மாமா, மூன்றாம் பாகம் எப்ப வரும்?"

"வராது. கதை முடிஞ்சுது."

"எப்பிடி முடியும்? அவர் இன்னும் ராஜாவாகவே வரேல்லையே!"

ட்ராமில் வீடு போகும் வரை அவள் விடவில்லை. அவள் கேட்டது சரியான கேள்வி. பிற்காலத்தில் ராஜராஜ சோழன் என்று பெயர் எடுக்கப் போகிறவரைப் பற்றிய ஐந்து பாக நாவல், இரண்டு பாகப் படம். இரண்டிலும் அவர் முடி சூடுவதில்லை. சித்தப்பா முறையான மதுராந்தகருக்கு முடியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். அதோடு திரை விழுகிறது.

இதே கேள்வியை 1954ஆம் ஆண்டு ஆயிரக்கணக்கான பேர் கேட்டிருப்பார்கள். பொன்னியின் செல்வன் கல்கி வார இதழில் 1950 ஒக்டோபர் 29 தொடங்கி 1954 மே 16 வரை தொடராக வந்தது. மூன்றரை வருடம், வாராவாரம். இன்று நீங்கள் ஒரு தொடரின் எட்டு அத்தியாயத்தையும் ஒரே இரவில் பார்த்து முடிக்கிறீர்கள். அன்று வந்தியத்தேவன் கடலில் விழுந்தால், அவன் தப்பினானா இல்லையா என்று அறிய ஒரு கிழமை காத்திருக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் எங்கள் அம்மம்மா வீட்டில் புத்தகம் வந்ததும் யார் முதலில் வாசிப்பது என்று சண்டை நடக்குமாம். பிறகு அந்தப் பக்கங்களைக் கிழித்து, மணியத்தின் படங்களோடு சேர்த்துத் தைத்து, தடித்த மட்டை போட்டு வைத்திருந்தார்கள். அந்தப் புத்தகத்தை நான் பார்த்ததில்லை. வீடும் இல்லை, அதுவும் இல்லை. அம்மா அதைப் பற்றிக் கதைக்கும்போது ஒரு சொந்தக்காரரைப் பற்றிக் கதைப்பது போல இருக்கும்.

மூன்றரை வருடம் காத்திருந்தவர்களுக்குக் கிடைத்த கடைசிக் காட்சி, மணிமேகலை வந்தியத்தேவனின் மடியில் உயிர் விடுவது. வாசகர்கள் ஏமாந்து போனார்கள். குந்தவை வந்தியத்தேவனைக் கட்டினாளா? நந்தினி என்ன ஆனாள்? ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்கள் பிடிபட்டார்களா? கல்கி ஒரு முடிவுரை எழுதி, வாசகர்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டி வந்தது. இன்று பதிப்புகளின் கடைசியில் அது இருக்கிறது. தயவுசெய்து வாசியுங்கள். ஒரு எழுத்தாளரைச் சுற்றி வாசகர்கள் கூடி நின்று கேள்வி கேட்பது போல இருக்கும். அந்த வருடம் டிசெம்பர் 5ஆம் திகதி கல்கி காலமானார். வயது 55. இனி அவரிடம் கேட்க வழியில்லை.

வாசகர் கோபம் என்பது தமிழருக்கு மட்டும் உரியது இல்லை. எங்கள் நாட்டிலேயே அதற்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. பாடசாலைச் சுற்றுலாவில் மைரிங்கன் போனவர்களுக்கு ரைகன்பாக் நீர்வீழ்ச்சி தெரியும். 1893இல் கொனன் டொயில் தன் ஷெர்லொக் ஹோம்ஸை அங்கேதான் விழுத்தி முடித்தார். வாசகர்கள் பொறுக்கவில்லை. பத்து வருடம் கழித்து, 1903இல், ஹோம்ஸ் சாகவே இல்லை என்று எழுதி அவரை மீட்டுக்கொண்டுவர வேண்டியதாயிற்று. டொயில் உயிரோடு இருந்ததால் அது நடந்தது. கல்கி இல்லை. ஆகவே மற்றவர்கள் தொடர்ந்தார்கள்.

அதற்கு முதல், வரலாறு அந்தக் கேள்விகளுக்கு என்ன பதில் சொல்கிறது என்று பார்ப்போம். (நாவலை இன்னும் வாசித்து முடிக்காதவர்கள் இரண்டு பந்தி தாண்டிப் போங்கள். பிறகு என்னைத் திட்டக் கூடாது.)

குந்தவை வந்தியத்தேவனைக் கட்டினாள். அதைச் சொல்வது தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு. ராஜராஜனின் அக்காவான குந்தவைப் பிராட்டியாரை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் என்றே அது குறிப்பிடுகிறது. வந்தியத்தேவனைப் பற்றி வரலாற்றில் கிடைப்பது மிகக் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்திலிருந்துதான் கல்கி எங்கள் எல்லாருக்கும் பிடித்த அந்த வாயாடிப் பெடியனைச் செய்தார். கரிகாலனைக் கொன்றவர்கள் பிடிபட்டார்களா என்பதற்குக் காட்டுமன்னார்கோயிலில் உள்ள உடையார்குடிக் கல்வெட்டு பதில் சொல்கிறது. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டில் வெட்டியது அது. சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று பெயர் சொல்லி, அவர்களுடைய உறவினர்களின் சொத்துகளையும் பறித்த விபரம் அதில் இருக்கிறது. கவனியுங்கள்: கொலைக்குப் பிறகு உத்தம சோழன் 985 வரை ஆண்டிருக்கிறார். அத்தனை வருடமும் இந்தச் சொத்துகள் பறிபோகவில்லை. அதனால் உத்தமனுக்கே கொலையில் பங்கு உண்டோ என்று நீலகண்ட சாஸ்திரி சந்தேகப்பட்டார். சதாசிவப் பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. பேராசிரியர்களும் வாசகர்கள் மாதிரித்தான், ஒரு முடிவுக்கு வரமாட்டார்கள்.

முடியைக் கொடுத்துவிட்டுப் போனதும் கல்கியின் வெறும் கற்பனை இல்லை. ராஜேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடு, குடிமக்கள் வேண்டியும், சித்தப்பாவுக்கு ஆசை இருக்கும் வரை அருள்மொழி அரசை விரும்பவில்லை என்கிறது. சொந்த மகன் காலத்தில் எழுதியது, கொஞ்சம் புகழ்ச்சி இருக்கும். ஆனால் கல்கி அதைப் பிடித்துக்கொண்டு கடைசிப் பாகத்துக்கே 'தியாகச் சிகரம்' என்று பெயர் வைத்தார். மதுராந்தகர் உண்மையில் பூக்கட்டிக்கொண்டிருந்த சேந்தன் அமுதன்தான் என்ற திருப்பத்தைப் படம் கைவிட்டுவிட்டது. எனக்கு அதில் இன்றும் மனவருத்தம்.

சரி, தொடர்ச்சிகள். முதலில் துணிந்தவர் விக்கிரமன். அமுதசுரபி இதழை அரை நூற்றாண்டுக்கு மேல் நடத்தியவர். கல்கி விட்ட இடத்துக்குப் பிறகான காலத்தை எடுத்து 'நந்திபுரத்து நாயகி' எழுதினார். நந்திபுரம் என்றால் பழையாறை, நாயகி குந்தவை. பிறகு அகிலனின் 'வேங்கையின் மைந்தன்', ராஜேந்திரனைப் பற்றியது, 1963இல் சாகித்திய அகாதமிப் பரிசு பெற்றது. பாலகுமாரனின் 'உடையார்' ஆறு பாகம், பெரிய கோயில் எழும்பிய கதை. அனுஷா வெங்கடேஷின் 'காவிரி மைந்தன்' நேரடியாகப் பொன்னியின் செல்வனின் பாத்திரங்களைத் தொடர்கிறது. அகிலனும் பாலகுமாரனும் கல்கிக்குத் தொடர்ச்சி எழுதுவதாகச் சொல்லிக்கொண்டு தொடங்கியவர்கள் இல்லை. ஆனால் பொன்னியின் செல்வன் முடித்த கையோடு அடுத்தது எது என்று தேடுபவர்கள் எல்லாரும் அவர்களிடமும் போய்ச் சேருகிறார்கள்.

இவற்றைப் பற்றி எங்கள் வீட்டிலும் நண்பர்களிடமும் கேட்டுப் பார்த்தால், நான்கு பேருக்கு ஐந்து கருத்து. அம்மா விக்கிரமனை வாசித்துவிட்டு, "நல்லாத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் அது எங்கட குந்தவை இல்லை" என்றார். வேறு விளக்கம் கிடையாது. பேர்ணில் இருக்கும் பெரியம்மா 'உடையார்' பக்கம். கல்கி அரண்மனையையும் சுரங்கப் பாதையையும் காட்டினார், பாலகுமாரன் கல்லை யார் தூக்கினார்கள் என்று காட்டினார் என்பது அவருடைய வாதம். அவருடைய மகனுக்கோ அதில் ஆளுக்கு ஆள் தத்துவம் கதைப்பது தாங்கவில்லை, இரண்டாம் பாகத்தோடு விட்டுவிட்டான். நான் சிறுவயதில் படித்த தமிழ்ப் பாடசாலையில் ஒரு ஆசிரியருக்கு வேறு குறை. "ஒருத்தரும் படையெடுப்பைச் சரியாக எழுதேல்லை. கடாரம் வரைக்கும் போனவங்கள். அதை எழுதினால் உங்களுக்கெல்லாம் நெஞ்சு நிமிரும்" என்பார்.

நான் நீண்ட காலம் அந்த ஆசிரியரின் கட்சி. பதினாறு வயதில் புலிக்கொடி போட்ட ரீசேட் ஒன்று வைத்திருந்தேன். வகுப்பில் வெளிநாட்டுப் பெயர் உள்ளவன் என்று இருக்கும்போது, ஆயிரம் வருடத்துக்கு முதல் எங்களிடம் கப்பல் படை இருந்தது என்ற நினைப்பு எவ்வளவு பெரிய துணை என்று உங்களில் சிலருக்குத் தெரியும். அதை நான் கேலி செய்யமாட்டேன்.

கிம்னாசியத்தில் எனக்கு ஒரு சிங்கள நண்பன் இருந்தான். அவனுடைய பெற்றோர் குருநாகல் பக்கம். இரண்டு பேரும் சுவிஸ் ஜேர்மனில்தான் கதைப்போம், அது ஒரு வசதி. ஒரு நாள் ரயிலில் அவனுக்குப் பொன்னியின் செல்வன் கதையைச் சொன்னேன். சொல்லப்போனால் அவனுக்காகவே நல்ல பகுதியைத் தேர்ந்தெடுத்துச் சொன்னேன். இரண்டாம் பாகத்தில் அருள்மொழி இலங்கையில் படை நடத்துகிறார் இல்லையா? அங்கே படைக்கு வேண்டிய சாப்பாட்டைக்கூட சோழ நாட்டிலிருந்து கொண்டுவரச் சொல்கிறார், இலங்கைக் குடிகளைச் சுரண்டக் கூடாது என்று. போரில் இடிந்த விகாரைகளைத் தன் வீரர்களைக் கொண்டு திருத்துகிறார். அநுராதபுரத்தில் பிக்குகள் இரவில் கூடி இலங்கையின் சிங்காசனத்தையே கொடுக்கிறார்கள், வேண்டாம் என்கிறார். எவ்வளவு பெரிய மனம் பார் என்றேன்.

அவன் யோசித்துவிட்டு ஒன்று கேட்டான். "திருத்தினார் சரி. உடைத்தது எப்போது?"

அவன் நக்கலாகக் கேட்கவில்லை. அவன் வீட்டில் அநுராதபுரத்தை அழித்தவர் பெயர்தான் ராஜராஜன். அவன் படித்த கதையில் எங்கள் கதாநாயகன் வில்லன். அவனுக்கு இரண்டும் ஒரே ஆள் என்று விளங்க நேரம் எடுத்தது. எனக்கும்தான். அன்று பதில் சொல்ல எனக்கு ஒன்றும் தெரியாது. பிறகு பல்கலைக்கழகக் காலத்தில், பொறியியல் பரீட்சைக்குப் படிக்க வேண்டிய நேரத்தில் எல்லாம் இதைத்தான் வாசித்தேன்.

கல்கி கதையை நிறுத்திய இடம் ஏறக்குறைய 970களின் தொடக்கம். அங்கிருந்து இருபது வருடம் முன்னே போங்கள். இலங்கையில் ஐந்தாம் மகிந்தன் அரசன். சூளவம்சம் சொல்லும் கதை இது: அவனுக்குப் படைக்குச் சம்பளம் கொடுக்க முடியவில்லை. அந்தப் படையில் இருந்தவர்கள் பெரும்பாலும் கேரளரும் கன்னடரும். அவர்கள் கிளர்ந்து எழ, அரசன் தெற்கே உரோகணத்துக்கு ஓடிப்போகிறான். ஒரு குதிரை வியாபாரி இந்த நிலைமையைச் சோழ அரசனிடம் போய்ச் சொல்கிறான். நாடு திறந்து கிடக்கிறது என்ற செய்தி. 993 அளவில் ராஜராஜனின் படை வந்தது. ஆயிரம் வருடத்துக்கு மேல் தலைநகராக இருந்த அநுராதபுரம் அதோடு விழுந்தது. மறுபடி அது தலைநகராக எழும்பவேயில்லை. சோழர் பொலன்னறுவையைத் தலைநகராக்கி ஜனநாதமங்கலம் என்று பெயர் வைத்தார்கள். 1017இல் ராஜேந்திரனின் படை உரோகணம் வரை போய் மகிந்தனையும் அரசியையும் பிடித்தது. மகிந்தன் பன்னிரண்டு வருடம் சோழ நாட்டில் கைதியாக இருந்து அங்கேயே செத்தான். படைகள் தாதுகோபங்களை உடைத்து உள்ளே இருந்த பொன்னையும் பொன் சிலைகளையும் எடுத்துப் போனதாகச் சூளவம்சம் எழுதி வைத்திருக்கிறது.

சூளவம்சத்தை எழுதியவர்கள் பிக்குகள், அதுவும் பிற்காலத்தில். மிகைப்படுத்தி இருக்கலாமே என்று நானும் நினைத்தேன். நினைக்க விரும்பினேன் என்று சொல்வது சரி. ஆனால் இரண்டு விஷயம் என்னைத் தடுத்தது. ஒன்று, பாண்டியனின் முடி. சோழனுக்குத் தோற்ற பாண்டிய அரசன் தன் முடியையும் அரச சின்னங்களையும் இலங்கையில் பாதுகாப்புக்கு விட்டுப்போனான் என்றும், ராஜேந்திரன் போய் அதை எடுத்து வந்தான் என்றும் சோழர் மெய்க்கீர்த்தி பெருமையாகச் சொல்கிறது. முடியும் நகைகளும் பறிபோனதைச் சூளவம்சம் அழுதுகொண்டு சொல்கிறது. அடித்தவனும் அடி வாங்கியவனும் ஒரே சம்பவத்தைச் சொன்னால் நம்பத்தான் வேண்டும். மற்றது, இலங்கையோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு கல். கன்னட நாட்டில் ஹொட்டூர் என்ற இடத்தில் 1007ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. சோழர் படை வந்து நாட்டைச் சூறையாடி, பெண்களையும் பிள்ளைகளையும் கொன்றது என்று சாளுக்கியர் தரப்பு அதில் முறையிடுகிறது. பகைவர் சொல்வது, கூட்டியிருப்பார்கள். ஆனால் வடக்கில் ஒருவரும் தெற்கில் ஒருவரும் ஒரே மாதிரி முறையிடுகிறார்கள்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் இன்னொரு பட்டியல் இருக்கிறது. கோயிலுக்கு நெல்லும் காசும் இலுப்பை எண்ணெயும் அனுப்ப வேண்டிய ஊர்கள். அதில் ஈழத்து ஊர்களும் இருக்கின்றன. அருள்மொழி படைக்குச் சோறு தாய்நாட்டிலிருந்து வர வேண்டும் என்று அடம்பிடித்த அந்தக் கல்கி அத்தியாயத்தை நினைத்துக்கொண்டு இந்தப் பட்டியலை வாசியுங்கள். நான் அப்படி வாசித்த அன்று, தொடர்ச்சி நாவல்கள் ஏன் எங்களுக்குத் தொண்டையில் இறங்குவதில்லை என்பது விளங்கியது. அம்மா சொன்ன "எங்கட குந்தவை இல்லை" என்பதும் அதுதான் என்று நினைக்கிறேன். விக்கிரமனுக்கோ மற்றவர்களுக்கோ திறமை போதாது என்பது இல்லை. எவர் எழுதினாலும், பத்து இருபது வருடம் கதையில் நகர்ந்தால், அந்த இளவரசன் கப்பலில் ஏறித்தான் ஆக வேண்டும். மறுபக்கத்தில் இறங்கித்தான் ஆக வேண்டும். கல்கி அதற்கு முதல் நிறுத்திவிட்டார். ஓவியர் மணியத்தோடு இலங்கைக்குப் போய் அந்த இடங்களை நேரில் பார்த்து வந்த மனிதர் அவர். பிறகு என்ன நடந்தது என்பது அவருக்குத் தெரியாதது அல்ல. அவர் வேண்டுமென்றே அங்கே நிறுத்தினாரா என்பதை நான் நிரூபிக்க முடியாது. முடி துறந்த நிமிடத்தில் ஒருவரை நிறுத்திவிட்டால் அவர் என்றைக்கும் அங்கேயே நிற்பார், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

ஆங்கிலத்தில் வாசிப்பவர்களுக்கு ஒரு ஒப்பீடு. பொன்னியின் செல்வன் முடிந்து இரண்டு மாதத்தில், 1954 ஜூலையில், டோல்கீனின் 'லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்' முதல் பாகம் வெளியானது. அதுவும் ஒரு தொடர்ச்சிதான். 1937இல் வந்த 'ஹொபிட்' வாசகர்களுக்குப் பிடித்துப்போய், பதிப்பாளர் இன்னும் வேண்டும் என்று கேட்டதில் பிறந்தது. (ரிவென்டல் பள்ளத்தாக்கு எங்கள் லவுட்டர்புரூனன்தான் தெரியுமா? 1911இல் பத்தொன்பது வயதில் டோல்கீன் அந்தப் பக்கம் நடந்து திரிந்திருக்கிறார்.) பிறகு அவர் அதற்கும் ஒரு தொடர்ச்சி தொடங்கினார், 'த நியூ ஷடோ' என்று. தீமை அழிந்து நூறு வருடத்துக்குப் பிறகான கதை. சில பக்கங்கள் எழுதிவிட்டுக் கைவிட்டார். அமைதியும் செழிப்பும் கிடைத்ததும் மனிதருக்கு அலுத்துப்போகிறது, நல்ல அரசனின் பிள்ளைகள் வெறும் அரசர்கள் ஆகிறார்கள், எழுத எழுத இருண்டுகொண்டே போகிறது என்பதுபோல ஒரு கடிதத்தில் விளக்கியிருக்கிறார். அவருக்கு நிறுத்த முடிந்தது. அவருடைய உலகம் அவருடைய கற்பனை. எங்களுடையது நடந்த கதை, ஆகவே நாவல் நின்றாலும் அது போய்க்கொண்டே இருந்தது.

அப்படியென்றால் ஒருவரும் எழுதக் கூடாதா? அகிலனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 'வேங்கையின் மைந்தன்' அந்த இடத்துக்குள்ளேயே இறங்குகிறது. பாண்டியனின் முடியை மீட்க ராஜேந்திரன் ஈழத்துக்குப் படையெடுப்பதுதான் கதையின் நடு. கொடும்பாளூர் இளங்கோ அந்தப் படையோடு போகிறான். அங்கே மகிந்தனின் மகள் ரோகிணி இருக்கிறாள். அவளுக்கு அவன் மேல் காதல், தன் நாட்டின் மேல் பற்று, இரண்டுக்கும் நடுவில் ஒளித்து வைத்த ஒரு முடி. வயதான வந்தியத்தேவரும் வருகிறார், அவரைப் பார்க்கும்போது பழைய பள்ளிக்கூட நண்பனை நரைத்த தலையோடு சந்தித்தது போல இருக்கும். அகிலன் சோழர் பக்கம்தான் நிற்கிறார், பெருமை நிறைய இருக்கிறது, சில இடங்களில் எனக்கு மூச்சு முட்டியது. ஆனாலும் தோற்றவர் வீட்டுப் பெண்ணுக்கு ஒரு பெயரும் ஒரு மனமும் கொடுத்தார். நான் வாசித்த தொடர்ச்சிகளில் கல்கிக்குக் கிட்ட வருவது இதுதான் என்பேன். பெரியம்மா ஒத்துக்கொள்ளமாட்டார்.

இன்னும் எழுதாத கதைகளும் அங்கே கிடக்கின்றன. இவற்றைப் பார்த்தால், தமிழர் ஒரு பக்கம் சிங்களவர் மறுபக்கம் என்ற நேர்கோடு நிற்காது. முடியைக் கொண்டு ஓடிய பாண்டியன் தமிழன், அவனுக்கு அடைக்கலம் கொடுத்தது அநுராதபுரம், அவனைத் துரத்தியது தஞ்சாவூர். திருகோணமலைக்குப் பக்கத்தில் வெல்கம் விகாரை இருக்கிறது. சோழர் ஆட்சியில் அதற்கு ராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர். தமிழர் அந்தப் புத்த விகாரைக்குக் கொடுத்த தானங்கள் தமிழ்க் கல்வெட்டாகவே அங்கே உள்ளன. நாவலில் அருள்மொழி காய்ச்சலோடு ஒளிந்திருந்த நாகப்பட்டினம் சூடாமணி விகாரம் நிஜம். ஸ்ரீவிஜய அரசன் கட்டியது, அதற்கு ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடுத்தான். அந்தச் செப்பேடு நெதர்லாந்தின் லைடன் நகரம் வரை போய்ச் சேர்ந்து லைடன் செப்பேடு என்று பெயர் எடுத்தது. ஒரு விகாரைக்கு ஊர் கொடுத்தவனும், இன்னொரு ஊரின் விகாரைகளைச் சூறையாடிய படைக்குச் சொந்தக்காரனும் ஒரே மனிதன். இரண்டையும் ஒரே நாவலில் வைக்கக்கூடிய ஆள் இன்னும் வரவில்லை.

பொலன்னறுவையில் ஒரு சின்னச் சிவன் கோயில் உண்டு, கருங்கல்லில், சோழர் கட்டியது, இன்றும் முழுசாக நிற்கிறது. உல்லாசப் பயணிகளின் வரைபடத்தில் இரண்டாம் சிவ தேவாலயம் என்று இருக்கும். அதன் பெயர் வானவன் மாதேவி ஈசுவரம். வானவன் மாதேவி ராஜேந்திரனின் தாய். கல்கியின் வானதி அவர்தான் என்று வாசகர்கள் எடுத்துக்கொள்வது வழக்கம். நாவலில் அடிக்கடி மயங்கி விழுகிற, சிங்காசனத்தில் ஒரு நாளும் ஏறமாட்டேன் என்று சபதம் செய்கிற அந்தப் பெண். பிடித்த நகரத்தில், அவள் பெயரில் ஒரு கோயில்.

மூன்று வருடத்துக்கு முதல் அந்தக் கோயிலின் வாசலில் நின்று ஒரு படம் எடுத்து என் பழைய நண்பனுக்கு அனுப்பினேன். அவன் இப்போது லூசேர்னில் இருக்கிறான். "இது உங்கடையா எங்கடையா?" என்று திரும்ப எழுதினான். சிரிக்கும் முகம் ஒன்றும் போட்டிருந்தான். நான் என்ன பதில் எழுதுவது என்று யோசித்து, கடைசியில் கோயில் வாசலில் படுத்திருந்த ஒரு குரங்கின் படத்தை அனுப்பிவிட்டேன்.

அக்காவின் மகளுக்கு இதை எல்லாம் ட்ராமில் சொல்ல நேரம் இருக்கவில்லை. பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையாகச் சொன்னேன். அவள் பொன்னியின் செல்வனை ஆங்கில மொழிபெயர்ப்பில் முடித்தாள், தமிழில் முதல் பாகத்தின் பாதி வரை வந்திருக்கிறாள். போன மாதம் எனக்கு ஒரு செய்தி அனுப்பினாள். தானே தொடர்ச்சி எழுதப் போகிறாளாம், ஜேர்மனில். கதாநாயகன் அருள்மொழியும் இல்லை, வந்தியத்தேவனும் இல்லை. சூளவம்சத்தில் பெயர்கூட இல்லாமல் வந்து போகிற அந்தக் குதிரை வியாபாரி.

"மாமா, அவன் சோழ ராஜாவிட்டப் போய்ச் சொன்னதுக்குக் காசு வாங்கினவனா?" என்று கேட்டிருந்தாள்.

எனக்கும் அதுதான் வேண்டும், எழுது என்று பதில் போட்டேன். முதல் அத்தியாயம் இன்னும் வரவில்லை.